கொலாஜ்: பசையும் கிழித்த காகிதமும் மழலையர் வகுப்பில் என்ன கற்றுத்தருகின்றன?

"நாளை கொலாஜ் ஆக்டிவிட்டி. வண்ணத்தாள், பருப்பு வகைகள், பசை கொடுத்து அனுப்பவும்." எல்கேஜி, யுகேஜி வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி வந்தால் பெற்றோர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். அ, ஆ எழுதவே தெரியவில்லை, இதில் ஒட்டு வேலை எதற்கு என்று ஒரு பக்கம் கேட்கிறது. கொலாஜ் செய்தால் வலது மூளை வளரும் என்று இன்னொரு பக்கம் பதில் சொல்கிறது. கேள்வி நியாயமானது. பதில்தான் தவறு.

கொலாஜால் சின்னக் குழந்தைகளுக்கு உண்மையான பயன் உண்டு. ஆனால் காகிதத்தையும் பசையையும் கையில் கொடுத்தவுடன் அது தானாக வந்துவிடாது. எதை எடுப்பது, எங்கே வைப்பது, அது என்னவாக இருக்கிறது என்றெல்லாம் குழந்தையே முடிவு செய்தால் வரும். அந்த முடிவுகளைப் பெரியவர்கள் முன்பே எடுத்துவிட்டால் பெரும்பகுதி வராமலே போய்விடும். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## கொலாஜ் என்ற பெயரில் நடப்பவை

பல பொருள்களின் துண்டுகளை ஒரு பரப்பில் அடுக்கி ஒட்டி, அவை சேர்ந்து ஒரு படமாகவோ வடிவமாகவோ நிற்கும்படி செய்வது கொலாஜ். ஒட்டுப்படம், ஒட்டுச்சித்திரம் என்றும் சொல்கிறோம். நவீன ஓவியர்கள் இதை 1912-ல் கையில் எடுத்தார்கள். நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் பிக்காசோ தன் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டு பிராக், மரத்தின் ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டினார். குழந்தைகளிடம் இது அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. 1837-ல் ஜெர்மனியில் சிறுவர் பள்ளி ஒன்றைத் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃப்ரோபெல் வகுத்த கைவேலைகளில் காகிதத்தை மடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் இருந்தன.

இன்று நம் மழலையர் வகுப்புகளில் ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன:

1. திறந்த கொலாஜ். வெற்றுத்தாள், பலவகைப் பொருள்கள், பசை. "மழை", "சந்தை", "எங்கள் தெரு" என்று ஒரு தலைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மீதி எல்லாம் குழந்தையின் கையில்.

2. நிரப்பு வேலை. மயில் அல்லது மாம்பழத்தின் கோட்டுப்படத்தை அச்சடித்துத் தருகிறார்கள். குழந்தை அந்தக் கோட்டுக்குள் காகித உருண்டைகளை ஒட்டி நிரப்புகிறது. விரலுக்கு வேலை உண்டு. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. மயிலின் உருவம், நிறம், இடம் எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது.

3. வீட்டு புராஜெக்ட். இரவு பத்து மணிக்கு அம்மா வெட்டி, அப்பா ஒட்டி, காலையில் குழந்தை சுமந்துபோவது. "நான் செய்தால் நன்றாக இருக்காது, அதனால்தான் அம்மா செய்கிறார்" என்ற ஒரு பாடத்தை மட்டும் குழந்தை இதில் கற்றுக்கொள்கிறது.

கொலாஜின் பலன்கள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் பொருந்தும். பள்ளிகளில் அதிகம் நடப்பது மற்ற இரண்டும். பெற்றோரின் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

## ஏன் திடீரென்று எல்லாப் பள்ளியிலும்?

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையான ஐந்து ஆண்டுகளை ஒரே அடிப்படை நிலையாகக் கொண்டது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் புரிந்து படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்கோடு, நிபுண் பாரத் திட்டம் 2021 ஜூலையில் வந்தது. 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இந்த வயதில் கற்பித்தல் விளையாட்டின் வழியாக இருக்க வேண்டும் என்றது. தேசியக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடும் 2022-23-ல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தனியாகத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்பக் கற்பிப்பது, பாட்டு, கதை, செயல்பாடு வழியே கற்பிப்பது என்பது அதன் முறை.

கொள்கையில் இவ்வளவு முரண்பாடு இருந்தும், சின்னக் குழந்தை செய்து பார்த்துத்தான் கற்கும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது சரியான திசைதான். ஆனால் செயல்பாடு நடந்தது என்பதற்குச் சான்றாகப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டிய கட்டாயமும் கூடவே வந்துவிட்டது. படத்தில் அழகாகத் தெரிவது ஒரே மாதிரியான இருபத்தைந்து மயில்கள். நான்கு வயதுக் குழந்தை தானாகச் செய்த கொலாஜ் அப்படித் தெரியாது. சுருங்கிய தாளும் வழிந்த பசையுமாக இருக்கும். ஆகவே அழகான தாளை நோக்கி வேலை நகர்கிறது, ஆசிரியர் வெட்டித் தருகிறார். இதில் ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமில்லை. பெற்றோராகிய நாம் எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் பள்ளி தருகிறது.

## ஒட்டும்போது உண்மையில் என்ன நடக்கிறது

1. கை. காகிதத்தைக் கிழிக்கும்போது இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒன்று பிடித்துக்கொள்கிறது, மற்றது இழுக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் பிடி, பின்னால் பென்சிலைப் பிடிக்கவும் சட்டைப் பொத்தானைப் போடவும் வேண்டிய பிடி. கத்தரிக்கோலும் அப்படித்தான், ஆனால் அது மெதுவாகத்தான் வசப்படும். ஏறத்தாழ இரண்டரை, மூன்று வயதில் ஓரத்தில் ஒரு நறுக்கு. நான்கு வயதையொட்டி ஒரு நேர்கோட்டின் மேல். ஐந்து, ஆறு வயதில் வட்டம். இதில் சில மாதம் முன்பின் ஆவது இயல்பு. கைத்திறனுக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு, டேவிட் கிரிஸ்மரும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் ஒரு முக்கியமான பதிலைத் தந்தார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து சேகரித்த பெரிய தரவுத்தொகுப்புகளை அலசியபோது, பள்ளியில் சேரும் வயதில் நுண்கைத்திறன் நன்றாக இருந்த குழந்தைகள் பிற்பாடு வாசிப்பிலும் கணக்கிலும் மேலே இருந்தார்கள். இது உடன்போகும் தொடர்பு மட்டும்தான். கை பழகினால் கணக்கு வந்துவிடும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் கைவேலைக்கு ஒதுக்கிய நேரம் படிப்பிலிருந்து திருடிய நேரம் என்ற வாதத்துக்கு இது வலு சேர்க்கவில்லை.

2. சொல். சாக்குத் துணி, வெங்காயத் தோல், கல்யாணப் பத்திரிகை, பஞ்சு இவற்றைத் தொட்டுப் பார்க்கும் குழந்தைக்குச் சொரசொரப்பு, மொறமொறப்பு, வழவழப்பு, மெத்தென்று என்ற சொற்களை விளக்கவே தேவையில்லை, விரலே விளக்கிவிடும். மேலே, கீழே, ஓரத்தில், நடுவில், அதுக்குப் பின்னாடி என்ற இடச்சொற்கள் ஒட்டும்போது நூறு தடவை தேவைப்படும். ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் யாராவது பேச வேண்டும். பேச்சில்லாமல் வரிசையாக உட்கார்ந்து ஒட்டினால் இந்தப் பலன் அப்படியே நின்றுபோகும்.

3. கணக்கு. நிறம் பார்த்துப் பிரிப்பது, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது, சிவப்பு மஞ்சள் சிவப்பு மஞ்சள் என்று மாறி மாறி வைப்பது, இரண்டு முக்கோணத்தைச் சேர்த்தால் சதுரம் வருவதைக் கண்டுபிடிப்பது. இவற்றையெல்லாம் எண்களைக் கற்பதற்கு முன்னும் கூடவும் குழந்தை கடந்தாக வேண்டும். வீட்டிலேயே இதற்கு அருமையான ஒரு பொருள் தினமும் குப்பைக்குப் போகிறது: தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள். நடுவில் பெரிய எண், சில தாள்களில் சிவப்பு, சில தாள்களில் கறுப்பு. ஒரு மாதத் தாள்களைச் சேர்த்துக் கொடுத்தால், 5-ஐத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் ஐந்து புளியங்கொட்டை ஒட்டுவது ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு காலைப்பொழுதின் வேலை.

4. குறியீடு. இது அதிகம் பேசப்படாதது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவதும் இதுதான். ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்க முடியும் என்பது பெரியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். குழந்தைக்கு அது வளர்ந்து வரவேண்டிய அறிவு. உளவியலாளர் ஜூடி டிலோச் 1987-ல் இதை எளிமையாகக் காட்டினார். ஓர் அறையின் சிறிய மாதிரியைச் செய்து, அதில் ஒரு குட்டிப் பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தைக்குக் காட்டினார். பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது, தேடு என்றார். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேரே போய் எடுத்துவிட்டார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளால் பெரும்பாலும் முடியவில்லை. மாதிரியில் குட்டிப் பொம்மை எங்கே இருந்தது என்று அவர்களுக்கு நினைவிருந்தது. மாதிரி அறை பெரிய அறையைக் குறிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

இதற்கும் கொலாஜுக்கும் என்ன தொடர்பு? நீலத்துணித் துண்டை ஒட்டி "இது கடல்" என்று சொல்லும் குழந்தை, ஒன்றை இன்னொன்றாக நிற்கவைக்கிறது. எழுத்தும் அதே வகை வேலைதான்: 'ப' என்ற கோடு ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கிறது. துணி கடலாகலாம் என்று தானே தீர்மானித்துப் பழகிய குழந்தைக்கு, கோடு ஒலியாகலாம் என்பது புதிய உலகம் இல்லை. அச்சடித்த மயிலை நிரப்பும்போது இந்தத் தீர்மானம் நடப்பதே இல்லை. அது மயில்தான் என்று அச்சகமே முடிவு செய்துவிட்டது.

வலது மூளை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். படைப்பாற்றல் வலது பக்கம், கணக்கு இடது பக்கம் என்ற பிரிவினையை நரம்பியல் ஏற்பதில்லை. எந்தச் சிக்கலான வேலைக்கும் இரு பக்கமும் சேர்ந்தே இயங்குகின்றன. கொலாஜை நியாயப்படுத்த அந்தக் கதை தேவையும் இல்லை.

## முடிவெடுப்பது யார்?

மழை என்ற தலைப்பில் இரண்டு வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். முதல் வகுப்பில் வெட்டிய குடை, வெட்டிய மேகம், ஏழு நீலத்துளிகள். குடை நடுவில், மேகம் மேலே, துளி இடையில் என்று ஆசிரியர் ஒட்டிக் காட்டுகிறார், பிள்ளைகள் அப்படியே ஒட்டுகிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் வகுப்பில், மழை வந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்ற பேச்சில் தொடங்குகிறார். பிறகு நடுவில் ஒரு தட்டில் பொருள்களை வைக்கிறார். ஒரு பிள்ளை நூலைக் குறுக்கே ஒட்டித் துணிக்கொடி என்கிறது. இன்னொன்று சாம்பல் நிறக் காகிதத்தைத் தாள் முழுக்க ஒட்டிவிட்டு "மிஸ், கரண்ட் போயிடுச்சு" என்கிறது.

அந்தச் சாம்பல் தாளைக் குழுவில் போட்டால் யாரும் இதயக்குறி போடப் போவதில்லை. ஆனால் அதில் நினைவு இருக்கிறது, காரணகாரியம் இருக்கிறது, இருட்டை எதால் காட்டலாம் என்ற தேர்வு இருக்கிறது. என் மதிப்பீட்டில் அந்த வகுப்பில் அன்று நடந்த மிகப் பெரிய கற்றல் அந்தத் தாள்.

பெரியவர்கள் விலகி நிற்கவேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுக்குத் தனி வேலை இருக்கிறது: பொருளைத் தேர்ந்தெடுத்து வைப்பது, புதிய உத்தியை ஒருமுறை காட்டுவது, பேச்சுக் கொடுப்பது. "என்ன இது?" என்று கேட்டால் பல பிள்ளைகள் பரீட்சை என்று நினைத்துச் சுருங்கிவிடும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்றால் வாய் திறக்கும். "சூப்பர்" என்பதற்குப் பதிலாக "நூலை வளைச்சு வளைச்சு ஒட்டியிருக்கியே" என்று பார்த்ததைச் சொன்னால், பார்க்கப்பட்டோம் என்று குழந்தைக்குத் தெரியும்.

நட்சத்திரம், பரிசு விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1973-ல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், ஏற்கெனவே ஆசையாகப் படம் வரையும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விரும்பினால் வரையலாம் என்று விட்டபோது, அந்தக் குழு மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. சிறந்த கொலாஜுக்குப் பரிசு என்று முன்னதாக அறிவிக்கும் போட்டிகளை மழலையர் வகுப்பில் நிறுத்திவிடுவது நல்லது.

## பொருள், பசை, ஆபத்து

பொருளுக்குக் கடைக்குப் போகவே தேவையில்லை. தையல்கடை வெட்டுத்துணி, பழைய கல்யாணப் பத்திரிகை, காய்ந்த வாழைநார், வேப்பிலை, அரச இலை, சோளத்தோகை, அட்டைப்பெட்டி போதும். வேப்பிலையின் ரம்ப விளிம்பையும் அரச இலையின் நீண்ட வாலையும் ஒட்டும்போது கவனித்த பிள்ளைக்கு, இலைகளைப் பிரித்தறியும் பாடம் பாதி முடிந்தது.

அரிசி, பருப்பு ஒட்டுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். அங்கன்வாடியில் மதியச் சாப்பாட்டுக்காகவும் வரும் பிள்ளைகள் இருக்கும் நாட்டில், அதே உணவைப் பசையில் தோய்த்துத் தாளில் ஒட்டக் கற்றுக்கொடுப்பது சரியில்லை. அது போக, பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. கவனிக்க வேண்டியவை:

1. பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வது காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு நன்கு பழகிய விபத்து. ஈரத்தில் ஊறி உப்பிவிடும் என்பதால் எடுப்பது கடினமாகும். மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பொம்மைகளைச் சோதிக்க ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஆகாது. புளியங்கொட்டையும் மணியும் பொத்தானும் இதில் அடங்கும். பெரிய பிள்ளைகளுக்கும் இவற்றை எண்ணிக் கொடுத்து, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் பழக்கத்தால் கைவேலைக்கும் வந்துவிடுகிறது. மெல்லப்பட்டால் கொல்லக்கூடிய நஞ்சு அதில் இருக்கிறது. ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டையும் வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது.

3. பசை. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சிய பசையோ, குழைந்த சோற்றுப் பருக்கையோ போதும். அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும். பைண்டிங் கடைப் பசையை வாங்கக் கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு, அது நஞ்சு. தோலை நொடியில் ஒட்டவைக்கும் உடனடிப் பசைகள் குழந்தை எட்டும் உயரத்திலேயே இருக்கக் கூடாது.

## நாற்பது பிள்ளைகள், ஒரு டீச்சர்

இரண்டாம் வகையான மழை வகுப்பு, பத்துப் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில்தான் நடக்கும் என்று ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒட்டவைக்கும் வரை அது நடக்காது. எட்டுப் பேர் ஒட்டும்போது மற்றவர்கள் மணலிலோ கட்டைகளிலோ கதைப்புத்தகத்திலோ இருக்க, குழுக்கள் நாள்தோறும் மாறினால், ஒரு வாரத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வரும். வாரம் ஒன்று தாராளம். அதற்குமேல் சுவர் நீளத்துக்கு ஒரு பெரிய தாளை விரித்து, வகுப்பே சேர்ந்து ஒரு தெருவையோ சந்தையையோ பல நாள் வளர்த்துக்கொண்டே போகலாம். "இந்த இடம் என்னது, நீ அங்க ஒட்டு" என்ற பேரம் தொடங்கும்போது, பங்கிடுதலும் விட்டுக்கொடுத்தலும் போதிக்காமலே நடக்கின்றன.

வயது கலந்த அங்கன்வாடியில் எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தை கிழித்துப் போடட்டும். அதற்கு அதுவே முழு வேலை. நான்கு வயதுக் குழந்தை அந்தக் கிழிசல்களை ஒட்டட்டும். இடதுகைப் பிள்ளைகளுக்கு இடதுகைக் கத்தரிக்கோல் ஒன்றாவது இருக்கட்டும். சாதாரணக் கத்தரிக்கோல் இடது கையில் காகிதத்தை வெட்டாமல் மடிக்கும். அதைப் பிள்ளையின் திறமைக்குறைவு என்று நினைத்துவிடுகிறோம்.

## ஒட்டி முடித்த பிறகு

தாளின் பின்னால் தேதியையும், குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தை அதன் பேச்சுமொழியிலேயே திருத்தாமலும் எழுதிவைக்க வேண்டும். தான் சொன்னது எழுத்தாவதைக் குழந்தை கண்முன்னே பார்க்கிறது. பிறகு ஜூன், அக்டோபர், பிப்ரவரித் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்க்க வேண்டியது அழகை அல்ல:

1. துண்டுகள் எங்கோ விழுந்து கிடப்பதிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்பாக வைக்கப்படும் நிலைக்கு வந்திருக்கிறதா?
2. ஒட்டிவிட்டுப் பெயர் வைத்த குழந்தை, இப்போது முன்கூட்டியே "நான் பஸ் செய்யப் போறேன்" என்று திட்டமிடுகிறதா?
3. "பூ" என்ற ஒற்றைச் சொல், "பாட்டி பூ கட்டுறாங்க" என்று வளர்ந்திருக்கிறதா?

மாதங்கள் போயும் தாள்கள் அப்படியே இருந்தால், அல்லது நான்கு வயது தாண்டியும் இரண்டு கையையும் சேர்த்துக் காகிதம் கிழிக்க முடியாமல் திணறினால், அல்லது பசை விரலில் பட்டாலே ஒவ்வொரு முறையும் தாங்க முடியாமல் அழுதால், அதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ எடுத்துக்கொள்ளாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தேவைப்பட்டால் அவர் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அனுப்புவார். டிஇஐசி எனப்படும் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையங்களில் இந்தச் சோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். போகும்போது அந்த மூன்று தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.